உளச்சிகிச்சையாளரின் தகுதிப் பட்டியலை எப்படிப் படிப்பது?

நித்திலா:

அம்மா போன பிறகு எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. உறவினர்களின் அறிவுரை போதும் போதும் என்றாகிவிட்டது. முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று தேடியதில் மூன்று பேருடைய சுயவிவரம் கையில் இருக்கிறது. பெயர்களை எழுதவில்லை.

முதலாமவர் உளவியலில் முதுகலை படித்தவர். அதற்குக் கீழே படிக்கப் படிக்கத் தீராத பட்டியல்: சி.பி.டி. சான்றிதழ், ஹிப்னோதெரபி, என்.எல்.பி. மாஸ்டர், இ.எம்.டி.ஆர். முதல் நிலை, ஓவிய வழிச் சிகிச்சை, தம்பதியர் ஆலோசனை, இன்னும் பல. பெயருக்குப் பின்னால் வரும் சுருக்கெழுத்துகள் பெயரைவிட நீளம்.

இரண்டாமவர் மனநல மருத்துவர். எம்.டி. என்ற ஒரே வரி. "உளச்சிகிச்சையும் வழங்கப்படும்" என்று கடைசியில் சேர்த்திருக்கிறார்.

மூன்றாமவர்தான் என்னைக் குழப்புகிறார். முதுகலை, பிறகு நான்கு ஆண்டுகள் சைக்கோடைனமிக் முறையில் பயிற்சி. இதுவரை சரி. அடுத்த வரியில் "பயிற்சியின்போது நானும் சிகிச்சை பெற்றிருக்கிறேன், இப்போதும் தொடர்ந்து மேற்பார்வையில் பணிபுரிகிறேன்" என்று எழுதியிருக்கிறார். தொழிலுக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றனவாம். பதினைந்து ஆண்டுக்குப் பிறகும் மேலே ஒருவர் இருந்து பார்க்க வேண்டுமா? தானே சிகிச்சை பெற்றவர் என்றால் அவருக்கே ஏதோ பிரச்சினை இருந்ததென்றுதானே அர்த்தம்?

இந்த மூன்று பேரில் யார் நல்லவர் என்று கேட்கவில்லை. இப்படியொரு பட்டியலை எப்படிப் படிப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கதிரவன்:

சகோதரி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டாமவரிடம் போங்கள். மருத்துவம் படித்தவர், மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கும், தவறு நடந்தால் கேட்க ஓர் இடம் இருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் பேசிப் பணம் வாங்குகிறவர்கள். பேசுவதற்குப் பட்டம் எதற்கு? நல்ல நண்பர் போதும்.

செம்பருத்தி:

கதிரவன், இந்தச் சண்டைக்கு நூறு வயது ஆகிறது, நீங்கள் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. வியன்னாவில் தியோடர் ரைக் என்பவர் மருத்துவப் பட்டம் இல்லாமல் சிகிச்சை செய்கிறார் என்று புகார் கிளம்பியது. அவர் உளவியலில் முனைவர். அந்த விவகாரத்தை வைத்து 1926-இல், உளப்பகுப்பாய்வு (அடிமனத்தில் இருப்பதைப் பேச்சின் வழியே ஆராயும் சிகிச்சை) முறையைத் தொடங்கிய ஃபிராய்ட் ஒரு சிறு நூலே எழுதினார். ஃபிராய்ட் மருத்துவர்தான், ஆனாலும் மருத்துவக் கல்லூரி இந்த வேலைக்கு ஆளைத் தயார் செய்வதில்லை, இதற்கென்று தனிப் பயிற்சி வேண்டும் என்று வாதாடினார். அவருடைய மகள் அன்னா பள்ளி ஆசிரியையாக இருந்து உளப்பகுப்பாய்வாளர் ஆனவர். இன்னொரு பகுப்பாய்வாளரான எரிக் எரிக்சனுக்குப் பல்கலைக்கழகப் பட்டமே கிடையாது. (உடனே யாரும் பட்டம் வேண்டாம் என்று கிளம்பிவிட வேண்டாம். அவர் அன்னாவிடமே பகுப்பாய்வுக்கு உட்பட்டு, வியன்னா நிறுவனத்தில் முழுப் பயிற்சியும் முடித்தவர்.) அமெரிக்காவில் உளப்பகுப்பாய்வு நிறுவனங்களின் கதவை மருத்துவர்கள் நெடுங்காலம் சாத்தியே வைத்திருந்தார்கள், 1985-இல் உளவியலாளர்கள் நால்வர் வழக்குத் தொடுத்த பிறகுதான் திறந்தார்கள்.

நித்திலா, நான் முதலில் மருத்துவ உளவியல் படித்து, பிறகு தனியாக உளச்சிகிச்சையில் பயிற்சி பெற்று, இப்போது பெரும்பாலும் மற்றவர்களின் வேலையை மேற்பார்வை செய்கிறவள். ஆகவே என் சார்பு எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

மனநல மருத்துவரின் படிப்பு நோயறிதல், மருந்து, அவசர நிலை, உடல்நோய் மனத்தில் காட்டும் அறிகுறி ஆகியவற்றில் ஆழமானது. உங்கள் தூக்கமின்மைக்குத் தைராய்டோ வேறு ஏதாவதோ காரணமா என்று ஒரு மருத்துவர் பார்த்துவிடுவது நல்லதுதான். அதைத் தள்ளிப் போடாதீர்கள். ஆனால் உளச்சிகிச்சையில் அவருக்கு எவ்வளவு பயிற்சி என்பது எம்.டி. என்ற எழுத்துகளில் தெரியாது. சில இடங்களில் அதற்கென்று நிறைய நேரம் ஒதுக்குகிறார்கள். சில இடங்களில் பாடத்திட்டத்தில் ஒரு தலைப்பாக வந்து போய்விடும். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்.

இனி மூன்றாமவர். அவருடைய சைக்கோடைனமிக் முறை ஃபிராய்டின் உளப்பகுப்பாய்விலிருந்து கிளைத்தது. உங்களைக் குழப்பிய அந்த வரிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1920-இல் மாக்ஸ் ஐட்டிங்கோன், கார்ல் ஆபிரகாம் முதலியோர் பெர்லினில் ஓர் உளப்பகுப்பாய்வு மருத்துவமனையைத் திறந்தார்கள். அங்கேதான் பயிற்சி ஒரு திட்டமான வடிவத்துக்கு வந்தது: பாடம் கேட்க வேண்டும், தானே பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும், மூத்தவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க நோயாளிகளுக்குச் சிகிச்சை தர வேண்டும். இன்று ஐட்டிங்கோன் பெயரையே சொல்லாத பயிற்சி முறைகளிலும் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்கும். அவர் சிகிச்சை பெற்றது பயிற்சியின் பகுதி. பிரச்சினை இருந்ததா என்றால், இருந்திருக்கும். எனக்கும் இருந்தது. இல்லாதவர் யார்?

மேற்பார்வை என்றவுடன் அலுவலகத்தில் மேலதிகாரி கையெழுத்துப் போடுவதை நினைக்க வேண்டாம். எப்படி நடக்கும் என்று ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியும்படியான விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பயிற்சியில் இருக்கும் ஓர் இளைஞர் வருகிறார். சிகிச்சைக்கு வந்தவரின் எழுத்துபூர்வமான ஒப்புதலோடு பதிவு செய்த ஒலிப்பதிவும், அதில் ஐந்து நிமிடத்தை எழுதிய தாளும் கையில். தாளில் மூன்று பத்திகள்: இடது பக்கம் வந்தவர் சொன்னது, நடுவில் இவர் சொன்னது, வலது பக்கம் அந்தக் கணத்தில் இவருக்குள் ஓடியது. ஒலிப்பதிவில் ஒரு பெண், தான் மருத்துவமனையில் கிடந்தபோது அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்கிறார். பிறகு "அதெல்லாம் பழகிவிட்டது" என்று சிரிக்கிறார். கூடவே இளைஞரும் சிரிக்கிறார். அடுத்து "வேலை எப்படிப் போகிறது?" என்று கேட்கிறார். தாளைப் பார்த்தால் அந்த இடத்தில் வலது பத்தி காலி.

நிறுத்தி, அந்தச் சில நொடிகளை மறுபடி போட்டோம். எதற்குச் சிரித்தீர்கள் என்றேன். அவர் சிரித்தார், அதனால் என்றார். அவர் எதற்குச் சிரித்தார் என்றேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அழ ஆரம்பித்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, மேடம்" என்றார். அதை வலது பத்தியில் எழுதச் சொன்னேன். அதன் பிறகுதான், அந்த இளைஞரின் வீட்டில் யாராவது அழுதால் என்ன நடக்கும் என்ற பேச்சு வந்தது. அதை என்னிடம் முழுதும் பேச வேண்டாம், உங்கள் சொந்தச் சிகிச்சைக்கு எடுத்துப் போங்கள் என்று அனுப்பினேன். சொந்தச் சிகிச்சை எதற்கு என்று கேட்டீர்கள் அல்லவா, இதற்குத்தான். அடுத்த வாரப் பதிவில் அந்தப் பெண் அதே சிரிப்பைச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை, பேச்சையும் மாற்றவில்லை. உடனே பெரிய திறப்பு ஒன்றும் நடந்துவிடவில்லை. "மணி என்ன ஆயிற்று?" என்றார் அந்தப் பெண். அண்ணன் பற்றிய பேச்சு மீண்டும் வர வெகு காலம் பிடித்தது.

இந்தச் சிரிப்பை எந்தச் சான்றிதழ் வகுப்பும் பிடித்திருக்காது. அந்த இளைஞர் தாமாகவும் வந்து சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் நினைவிலிருந்து சொல்லும்போது தாம் சிரித்ததே அவருக்கு நினைவிருக்காது. சிகிச்சையாளர்களின் நினைவை நம்பியே முதல் ஐம்பது ஆண்டுகள் இந்தத் தொழில் ஓடியது. 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓஹியோவில் உளவியலாளர் கார்ல் ராஜர்ஸும் அவருடைய மாணவர்களும் இசைத்தட்டில் உரையாடல்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஒருவருடைய எட்டு அமர்வுகளையும் சொல் விடாமல் 1942-இல் அச்சிட்டார் ராஜர்ஸ். அறைக்குள் உண்மையில் என்ன பேசப்படுகிறது என்று வெளியில் இருப்பவர்கள் முழுதாகப் பார்த்தது அப்போதுதான். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி. முறையிலும் இதே கதைதான். அதில் நன்றாகப் பயிற்சி பெற்றவர்களின் ஒலிப்பதிவைக் கேட்டு மதிப்பெண் போடுவார்கள்: பதினொரு இனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு, மொத்தம் 66. குறைந்தது நாற்பது வாங்கினால்தான் தேறியதாக வழக்கம். ஆகவே சி.பி.டி. சான்றிதழ் என்று ஒருவர் போட்டிருந்தால், உங்கள் ஒலிப்பதிவை யாராவது கேட்டு மதிப்பிட்டார்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள். வார இறுதியில் காணொளி பார்த்து வாங்கியதா, ஓராண்டு உழைத்து வாங்கியதா என்பது அந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும்.

முதலாமவரின் பட்டியல் பற்றிச் சுருக்கமாக. இ.எம்.டி.ஆர். என்பது கண்ணை அசைத்தபடி அதிர்ச்சி நினைவுகளை அணுகும் முறை, 1987-இல் ஃபிரான்சின் ஷாபிரோ தொடங்கி வைத்தது. அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்புக்கு நல்ல ஆதாரம் உள்ளது. ஆனால் அதன் அடிப்படைப் பயிற்சி முதல் நிலையோடு முடிவதில்லை. முதல் நிலை என்றால் பாதி வழி. அதன் பிறகு ஏன் போகவில்லை என்று கேட்கலாம். ஹிப்னோசிஸ் (அறிதுயில்), ஏற்கெனவே சிகிச்சையாளராக இருப்பவர் கையில் ஒரு கூடுதல் கருவி. அதுவே தொழில் ஆகாது. என்.எல்.பி. (சொற்களால் மனப்பழக்கங்களை மாற்றலாம் என்று சொல்லும் முறை) 1970-களில் வந்தது, கண் எந்தப் பக்கம் போகிறது என்பதை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்று அதன் அன்பர்கள் சொல்வதை 2012-இல் சோதித்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. மாஸ்டர் பட்டம் என்னை அசைக்காது.

என்னைக் கேட்டால், பட்டியலில் எத்தனை வரி என்று எண்ணுவதைவிட, இவருடைய வேலையை இன்று வேறு யாராவது கேட்கிறார்களா என்று பார்ப்பேன்.

பயிற்சி மாணவன்:

செம்பருத்தி மேடம் எழுதிய வலது பத்தியைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. நானும் அப்படியொரு தாளோடு வாரம் ஒருமுறை போகிறவன்தான். பயிற்சியின் மூன்றாம் ஆண்டு.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தப் படிப்பில் கணக்கு எல்லாம் மணிநேரத்தில்தான். ஐரோப்பிய உளச்சிகிச்சைச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மொத்தம் 3,200 மணிநேரம், குறைந்தது ஏழு ஆண்டுகளில் பரவியிருக்க வேண்டும். அதில் முதல் மூன்று பல்கலைக்கழகப் படிப்புக்குச் சமம், பின் நான்கு ஒரு குறிப்பிட்ட முறையில் பயிற்சி. கலிபோர்னியாவில் குடும்பச் சிகிச்சையாளர் உரிமத்துக்கு, மேற்பார்வையில் 3,000 மணிநேரம் வேலை செய்திருக்க வேண்டும். ஆகவே நித்திலா, "நான்காண்டு பயிற்சி" என்று ஒருவர் எழுதினால் எத்தனை மணிநேரம் நேரில் சிகிச்சை தந்தீர்கள் என்று கேட்பது முரட்டுத்தனம் அல்ல. எங்களுக்கு அந்த எண் மனப்பாடமாகத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம்.

இன்னொன்று, மணிநேரக் கணக்கை வைத்தே ஏமாறவும் கூடாது. என்னோடு படிக்கும் ஒருவர் நிறைய பேரைப் பார்த்திருக்கிறார், ஆனால் பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று அமர்வோடு நின்றுவிட்டார்கள். எங்கள் ஆசிரியர் அந்தக் கணக்கை ஒதுக்கிவிட்டு, ஒரே ஒருவரோடு தொடங்கி, நடுவில் தடுமாறி, முறையாக விடைபெறும் வரை கூடவே இருந்த அனுபவம் உண்டா என்று கேட்டார். முடித்து வைப்பதுதான் கடினம். வகுப்பில் இதைச் சொல்வார்கள். ஆனால் ஒருவர் கடைசி அமர்வுக்கு வராமலேயே போகும்போதுதான் புரியும்.

சொந்தச் சிகிச்சை எல்லா முறையிலும் கட்டாயம் இல்லை. சி.பி.டி. பயிற்சியில் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். அதனால் அவர் தரம் குறைந்தவர் என்று ஆகிவிடாது. சொந்தச் சிகிச்சை பெற்றவரே நல்ல சிகிச்சையாளர் என்று ஆய்வுகள் ஒரே குரலில் சொல்லவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால் சி.பி.டி.யின் தந்தை ஆரன் பெக் உளப்பகுப்பாய்வில்தான் முதலில் பயிற்சி பெற்றார்.

கதிரவன்:

நான் சும்மா வாயடிக்கிறவன் என்று நினைத்துவிட்டீர்கள். பேசுவதற்கு நல்ல நண்பர் போதும் என்று சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. 1979-இல் ஸ்ட்ரப், ஹேட்லி என்ற இருவர் அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனச்சோர்வும் பதற்றமும் இருந்த மாணவர்களில் ஒரு பகுதியினரை நீண்ட அனுபவம் உள்ள சிகிச்சையாளர்களிடம் அனுப்பினார்கள். இன்னொரு பகுதியினரை, உளவியலே படிக்காத, அன்பாகப் பழகக்கூடிய பேராசிரியர்களிடம் அனுப்பினார்கள். முடிவில் இரு தரப்பிலும் சராசரியாக ஒரே அளவு முன்னேற்றம். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

செம்பருத்தி:

அப்படிக் கேளுங்கள், கதிரவன். இதைத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. என் மாணவர்களில் பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள்.

ஆய்வு உண்மை. அதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பேராசிரியர்கள் யாரோ தெருவில் போகிறவர்கள் அல்லர். பரிவும் பொறுமையும் உள்ளவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மாணவர்களும் அன்றாட வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர்கள், நிலைமை மோசமானவர்கள் அல்லர். போதாததற்குப் பேராசிரியர்களில் சிலர், பாதியில் பேசுவதற்கு விஷயம் தீர்ந்துவிட்டது என்று சொன்னார்கள். நண்பரிடம் அப்படித்தான் ஆகும். மூன்றாவது முறை அதே துக்கத்தைச் சொல்லும்போது அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

நீங்கள் விட்ட அம்பைவிடக் கூரான ஒன்றை நானே தருகிறேன். 2016-இல் வந்த ஓர் ஆய்வு 170 சிகிச்சையாளர்கள், அவர்களிடம் வந்த 6,591 பேர் என்று பல ஆண்டுத் தரவுகளைப் பார்த்தது. அனுபவம் கூடக் கூடச் சிகிச்சையாளர்கள் தேறினார்களா என்றால், சராசரியாக இல்லை. மிகச் சிறிய அளவில் சரிந்திருந்தார்கள். "இருபது ஆண்டு அனுபவம்" என்ற வரிக்கு நான் ஏன் எழுந்து நிற்பதில்லை என்று இப்போது புரிகிறதா?

காரணம் என்ன என்பதற்கு 2005-இல் வந்த ஒரு சிறிய ஆய்வு நல்ல வெளிச்சம் தருகிறது. ஒரு பல்கலைக்கழக ஆலோசனை மையத்தில் சிகிச்சையாளர்களை, தம்மிடம் வரும் 550 பேரில் யாருடைய நிலைமை மோசமாகப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னார்கள். உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். சிகிச்சையாளர்கள் சுட்டிக்காட்டியது மூன்று பேரை. அதிலும் சரியாக அமைந்தது ஒன்று. இவர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். எதிரில் இருப்பவர் "இப்போது பரவாயில்லை" என்று சொன்னால் நம்ப ஆசைப்படுகிறவர்கள், அவ்வளவுதான். நானும் ஆசைப்படுவேன். எத்தனை ஆண்டு உட்கார்ந்திருந்தாலும், சொல்வதற்கு வேறொருவர் இல்லாவிட்டால் இந்த ஆசை தானாகக் கரையாது.

அதனால்தான் மேற்பார்வை. அதனால்தான் சிலர் ஒவ்வொரு அமர்வுக்கு முன்பும் ஒரு சிறு கேள்வித்தாளை நிரப்பச் சொல்கிறார்கள்; நிலைமை சறுக்கினால் மதிப்பெண்களின் வரைகோட்டில் தெரியும். நித்திலா, அப்படி ஒருவர் தாளை நீட்டினால் பரீட்சை என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். பரீட்சை அவருக்கு.

வடதிசை:

பதிவேடு பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் வசிப்பது கனடாவின் ஒன்டாரியோவில். இங்கே 2015-இலிருந்து உளச்சிகிச்சையாளர்களுக்கென்று ஓர் ஒழுங்குமுறைக் கல்லூரி இயங்குகிறது. (கல்லூரி என்று பெயர், பாடம் நடப்பதில்லை.) அதில் பதியாதவர் தம்மைப் பதிவுபெற்ற உளச்சிகிச்சையாளர் என்று அழைத்துக்கொள்ள முடியாது. பொதுப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் பதிவு உயிரோடு இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று தெரிந்துவிடும். செலவில்லாமல் வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனாலும் முக்கால்வாசிப் பேர் பார்ப்பதில்லை.

இது எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. ஆஸ்திரியாவில் 1990-இலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது, ஜெர்மனியில் 1999-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனிலோ மருத்துவ உளவியலாளர் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, உளச்சிகிச்சையாளர் என்ற பெயருக்கு இல்லை. அங்கே தொழில் சங்கங்களின் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். இந்தியாவில் மருத்துவ உளவியலாளர்கள் மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் இருப்பார்கள், அந்தக் கவுன்சிலுக்கான சட்டம் 1992-இல் வந்தது. ஆகவே யாராக இருந்தாலும் எந்தப் பதிவேடு, எந்த எண் என்று கேளுங்கள். சங்க உறுப்பினர் என்பதும் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றவர் என்பதும் ஒன்றல்ல. பல சங்கங்களில் சந்தா கட்டினாலே உறுப்பினர் ஆகிவிடலாம். இந்த இரண்டையும் கலந்து எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கதிரவன் ஐயா ஒன்றை மட்டும் சரியாகச் சொன்னார்: தவறு நடந்தால் புகார் செய்ய ஓர் இடம் இருக்க வேண்டும். அது மருத்துவர்களுக்கு மட்டும் உரியது என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

நித்திலா:

எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் நேரில் கேட்கும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ, முதல் நாளே சந்தேகப் பிராணி என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்று பயம். மின்னஞ்சலில் கேட்டால் சரியாக இருக்குமா? எப்படி எழுதுவது?

செம்பருத்தி:

மின்னஞ்சலே நல்லது. நான்கு வரி போதும், நீளமாக எழுதினால் மன்னிப்புக் கேட்பதிலேயே பாதி போய்விடும். இப்படி எழுதுங்கள்:

"வணக்கம். தாயை இழந்த பிறகு தூக்கமின்மைக்காக உளச்சிகிச்சை பெற நினைக்கிறேன். நீங்கள் முக்கியமாக எந்த முறையில் பயிற்சி பெற்றீர்கள், அது எவ்வளவு காலம்? தற்போது மேற்பார்வை பெறுகிறீர்களா? எந்தப் பதிவேட்டில் இருக்கிறீர்கள்? இழப்புத் துயரத்தோடு வருகிறவர்களோடு பணிசெய்த அனுபவம் உண்டா?"

கோபித்துக்கொள்கிறவர் வந்தால் நல்லதாயிற்று, நேரமும் பணமும் மிச்சம். இன்னொரு வகை உண்டு: கோபிக்க மாட்டார், ஆனால் "இந்தக் கேள்வி ஏன் உங்களுக்கு முக்கியமாகப் படுகிறது?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார். அறைக்குள் அது நல்ல கேள்வியாக இருக்கலாம். தகுதியைக் கேட்கும்போது அது நழுவல். முதலில் பதில், பிறகு ஆராய்ச்சி.

துயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தாயை இழந்து தூங்காமல் இருப்பது நோய் என்று யாராவது முதல் மணிநேரத்திலேயே பெயர் சூட்டினால் சற்று நிதானியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் நீடித்த துயரக் கோளாறு என்று ஒன்று இப்போது இருக்கிறது. ஆனால் அதற்குக் குறைந்தது ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையையும் முடக்கியிருக்க வேண்டும். நன்றாகப் பயிற்சி பெற்றவர் முதலில் அம்மாவைப் பற்றிக் கேட்பார்.

நித்திலா:

மூவருக்கும் அனுப்பினேன். மூவரும் பதில் எழுதிவிட்டார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம்.

மருத்துவர் மிகவும் நேர்மையாக, தம்முடைய வேலை பெரும்பாலும் மருந்து சார்ந்தது என்றும், இரத்தப் பரிசோதனைக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள் என்றும், தொடர்ந்து பேசுவதற்கு வேறொருவரைப் பரிந்துரைப்பதாகவும் எழுதியிருந்தார். அவரைப் பற்றி நான் நினைத்திருந்தது மாறிவிட்டது.

முதலாமவர் தம் சான்றிதழ்கள் அனைத்தையும் படம் எடுத்து அனுப்பினார். மேற்பார்வை பற்றிய கேள்விக்கு, "நானே பலருக்குப் பயிற்சி அளிக்கிறேன்" என்று பதில்.

மூன்றாமவர் நான்கு கேள்விக்கும் நான்கு வரி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேற்பார்வை, பதிவு எண், எல்லாம் இருந்தன. ஆனால் புதியவர்களைச் சேர்க்க இரண்டு மாதம் ஆகுமாம். காத்திருக்கலாமா, வேறு ஆளைத் தேடலாமா?

செம்பருத்தி:

இரண்டும் செய்யுங்கள். வரிசையில் பெயரைப் போட்டு வையுங்கள். கூடவே, அவருடைய பயிற்சி நிறுவனத்தில் இப்போது கடைசி ஆண்டில் இருக்கும் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் ஆட்களைப் பார்க்கிறார்களா என்று அவரிடமே கேளுங்கள். பல நிறுவனங்கள் அப்படி ஒரு பிரிவை வைத்திருக்கின்றன. பெர்லினில் 1920-இல் தொடங்கியதே அப்படித்தான், வசதியில்லாதவர்களுக்கு இலவசமாகவும் பார்த்தார்கள். மாணவர் என்று தயங்க வேண்டாம். அவருடைய ஒவ்வொரு அமர்வையும் மூத்தவர் ஒருவர் வாரம் தவறாமல் விசாரித்துக்கொண்டிருப்பார். மூத்தவர்களில் எத்தனை பேருக்கு அப்படி நடக்கிறது?

மருத்துவர் சொன்ன இரத்தப் பரிசோதனையை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

பயிற்சி மாணவன்:

மேடம் சொல்வது போல மாணவரிடம் போனால், ஒலிப்பதிவுக்கு ஒப்புதல் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதனால் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பதுதான் எங்கள் இடத்தில் விதி. சம்மதித்தால், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.